மீன் கழுவிய தண்ணீர்

அப்பத்தா இருந்தவரை எங்கள் கொல்லையில் நின்ற முருங்கைக்கு யாரும் உரம் வைத்ததில்லை. மீன் வாங்கும் நாளில் ஆய்ந்து முடித்த தண்ணீரை அப்பத்தா சாக்கடையில் ஊற்ற விடமாட்டார். முதல் அலசல் தண்ணீர் முருங்கைக்கு. இரண்டாவது கறிவேப்பிலைக்கு. உப்புப் போடாமல் அலசிய மூன்றாவது தண்ணீர்தான் மிளகாய், கத்தரி நாற்றுகளுக்கு. வரிசையை மாற்றி ஊற்றினால் திட்டு விழும். முதல் தண்ணீரில் ரத்தமும் செதிலும் கிடக்கும், சின்னச் செடி தாங்காது, “வெந்துபோயிரும்” என்பார். செடி எப்படி வேகும் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் விளக்கியதும் இல்லை.

இப்போது ஆலங்குடியில் என் வீட்டுக் கொல்லையில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மீன்கள். பக்கத்தில் நீல நிற டிரம்களை நெடுக்காக அறுத்து, ஜல்லி நிரப்பி, இரும்புச் சட்டத்தின்மேல் படுக்க வைத்த பாத்திகள். ஒரு சிறிய பம்பு மீன் தொட்டித் தண்ணீரை ஜல்லிப் பாத்திக்கு ஏற்றுகிறது. பாத்தி நிரம்பியதும் தண்ணீர் தானாக வடிந்து மறுபடி தொட்டிக்கே போகிறது. ஜல்லியில் சிறுகீரை, புதினா, தக்காளி, மிளகாய். மண்ணும் இல்லை, உர மூட்டையும் இல்லை. இலைவழி ஆவியாகிற, வெயிலில் வற்றுகிற தண்ணீரை மட்டும் ஈடுகட்டினால் போதும். மண்ணில் வளர்க்க ஆகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும் என்று கையேடுகள் சொல்கின்றன. வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆழ்துளைக் கிணறு எத்தனை நூறு அடி இறங்கியும் போதாமல் கிடக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் தொட்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், என் கணவரிடம், “மாப்ள, நல்லா செட் பண்ணிருக்கீங்க. இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச டெக்னாலஜி, அக்வாபோனிக்ஸ்” என்றார். டிரம்மை அறுத்தவள் நான். ஜல்லியை ஆறு முறை கழுவியவளும் நான். கணவரும் நேர்மையாக, “எனக்கு ஒண்ணும் தெரியாது, அவதான்” என்றார். அதற்கு உறவினர் சிரித்தார், அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு பெயர்கள் காணாமல் போயின, என்னுடையதும் அப்பத்தாவுடையதும். என்னுடையதை விட்டுவிடலாம். அப்பத்தாவின் பெயர் எங்கே போனது என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

தமிழ் படித்தவள் என்பதால் தேடல் முதலில் ஐங்குறுநூற்றுக்குத்தான் போனது. ஓரம்போகியார் பாடிய மருதத் திணையில் பாண்மகளிர் வரும் சில பாடல்கள் உண்டு. மீன் பிடிக்கும் பாணர் குடியின் பெண் கூடையில் மீனோடு உழவர் வீட்டு வாசலுக்கு வருகிறாள். கூடையைக் கவிழ்க்கிறாள். அந்த வீட்டு மனையாள் அதே கூடையை நிரப்பித் திருப்பி அனுப்புகிறாள். ஒரு பாட்டில் கெளிற்று மீனுக்குப் பயறு. இன்னொன்றில் விரால் மீனுக்கு ஓராண்டு பழகிய வெண்ணெல். இன்னொன்றில் கொஞ்சம் மீனைக் கொட்டிவிட்டு நிறைய நெல் வாங்கிப் போகிறாள்.

உரைகாரர்களும் எங்களுக்குப் பாடம் சொன்னவர்களும் இந்தப் பாடல்களை உள்ளுறைக்காகவே வாசித்தார்கள். தலைவனின் பரத்தமை, தலைவியின் ஊடல், வாயில் மறுத்தல். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். தலைவனைத் தள்ளி வைத்துவிட்டுக் கூடையை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நீரில் விளைந்ததும் நிலத்தில் விளைந்ததும் கைமாறும் இடம் இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கிறது. அளவு குறிப்பவளும் பெண், ஏற்பவளும் பெண். அந்தப் பயறு எங்கே விளைந்தது என்பதையும் பாட்டு விடாமல் சொல்கிறது: நெல் அரிந்த தாளிடையே விதைத்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரம் காயுமுன் உளுந்தோ பயறோ தெளிப்பது இன்றும் உண்டு. பயற்றின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் வைக்கின்றன. மீன் உடம்பிலிருந்து கழிவாக வெளியேறுவதும் நைட்ரஜன்தான். ஓரம்போகியாருக்கு இது தெரியாது. கூடையில் மாறியது அதுதான்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நிற்கிறவளும் வாசலுக்குள் நிற்கிறவளும் சமமானவர்கள் இல்லை. பாண்மகளுக்கு நிலம் இல்லை. நெல் குதிர் மனையாளுடையது என்று பாட்டு சொல்வதாகத் தோன்றினாலும், குதிரும் வயலும் யாருடையவை என்பது நமக்குத் தெரிந்ததே.

பாட்டிலிருந்து கல்வெட்டுக்கு வந்தால் நீரின் உடைமை வெளிப்படையாகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்றொரு வரி வருகிறது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகை அது. ‘மீன் பாசி ஏலம்’ என்று இன்றும் எங்கள் கிராமங்களில் சொல்கிறோமே, அதன் மூதாதை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரிவாரியம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரிய உறுப்பினர்க்கான தகுதிகளை வரிசையாக அடுக்குகின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண் கூடாது என்று தனியாக ஒரு விதி இல்லை. எழுதத் தேவைப்படவில்லை. தகுதி சொல்லும் சொற்கள் பலவும் ஆண்பாலில் முடிகின்றன, அதுவே போதும். குடவோலையை நம் ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைகளில் பாடும்போதெல்லாம் எனக்கு இந்த இலக்கணக் குறிப்பு நினைவுக்கு வரும்.

புதுக்கோட்டை, ஆறுகளை நம்பிய ஊரல்ல. வெள்ளாறும் அக்கினியாறும் மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல். இந்த மாவட்டம் பிழைத்தது கண்மாய்களால். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இங்கே உண்டு. நெல்லும் மீனும் ஒரே தண்ணீரில் விளைந்தன. மழைக்காலத்தில் நிரம்பிய கண்மாய் வயலுக்குப் பாய்ந்து முடித்துக் கோடையில் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. விடியுமுன்னே சுற்று வட்டாரமெல்லாம் கரையில் கூடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் தூரியும் வலையுமாக ஆண்கள் இறங்குவார்கள். ஊத்தா என்பது அடியும் நுனியும் திறந்த மூங்கில் கூடு. சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனை எடுக்க வேண்டும். நான் சிறுமியாகப் பார்த்த திருவிழாக்களில் பெண்களும் இறங்கினார்கள், ஆனால் ஊத்தா அவர்கள் கையில் இல்லை. பழைய சேலையை இருவர் இருபுறம் பிடித்து ஓரத்துச் சேற்றுநீரை அரிப்பார்கள். கெண்டைப்பொடியும் அயிரையும்தான் சிக்கும். நடுக்கண்மாய் விரால் ஆண்களுக்கு. கண்மாயில் எந்தச் சாதிக்கு எந்தத் துறை என்ற ஏற்பாடும் இதே கரையில்தான் இருந்தது. தலித் பெண்ணுக்கு ஓரத்துச் சேறுகூட எளிதாகக் கிடைத்ததில்லை. திருவிழாவைச் சமத்துவத்தின் அடையாளம் என்று எழுதுகிறவர்கள் கரையின் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. மல்லிகையும் செண்டியும் வாழையும் பலாவுமாக ஆலங்குடி வட்டாரம் செழித்தது, கண்மாய்கள் வரத்துக்கால்கள் அடைபட்டுக் கருவேலங்காடாயின. மீன் சந்தையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரத் தொடங்கியது. அப்பத்தாவின் அலசல் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

ஜல்லியைக் கழுவிக்கொண்டிருந்த நாளில்தான் எனக்கு இன்னொரு வரலாறு கையில் தட்டுப்பட்டது. இந்த ஜல்லி நம் மாவட்டத்துக் கல்குவாரிகளில் உடைந்தது. கருங்கல் ஜல்லி தண்ணீரின் தன்மையைக் கெடுக்காது, அதனால் இந்த முறைக்குத் தோதானது. 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் சைக்கிளைச் சொல்வார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, ஏறத்தாழ ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பி. சாய்நாத் உலகறிய எழுதினார். அதே ஆண்டுகளில் நடந்த மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. குவாரிகளில் ஒப்பந்ததாரர்களுக்குக் கொத்தடிமையாகக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. சாய்நாத் அதையும் எழுதினார். கூலிக்கு உடைத்த கை, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போடக் கற்றதும் அப்போதுதான்.

சைக்கிள் படம் பிடிக்க அழகாக இருக்கிறது. குத்தகைப் பத்திரம் அப்படி இல்லை. இரண்டில் ஒப்பந்ததாரர்களை அதிகம் தொந்தரவு செய்தது எது என்று யோசித்தால் ஏன் ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது என்பதும் புரியும்.

இனி செடி “வெந்துபோகும்” விஷயம். மீன் செவுள்வழியாக அமோனியாவை வெளியிடுகிறது. அது தேங்கினால் மீனுக்கு நஞ்சு, செறிவாக இருந்தால் இளஞ்செடிக்கும் ஆகாது. ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் செடிக்குச் சோறு. செடி அதை உறிஞ்சிக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மீனுக்குத் திரும்புகிறது. கொல்லையில் மீன் வளர்க்கிறோம், கீரை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் நாம் வளர்ப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைத்தான். அது குடியேற மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும்.

இந்த மாற்றத்தைச் செய்யும் உயிரியைத் தனித்துப் பிரித்தது 1890ஆம் ஆண்டு. பாடநூல்கள் செர்கேய் வினோகிராட்ஸ்கியின் பெயரைச் சொல்லும். அவர் பெரிய அறிஞர், சந்தேகமில்லை. அதே 1890இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இதே பொருள்பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பெர்சி ஃபிராங்க்லாந்து, கிரேஸ் ஃபிராங்க்லாந்து. கணவனும் மனைவியும். தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள்பற்றி 1894இல் ஒரு முழு நூலையும் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கிரேஸ் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவியில் இல்லை. 1904இல் பிரிட்டிஷ் வேதியியல் சங்கத்தில் பெண்களையும் உறுப்பினராக்கக் கேட்டு 19 பெண்கள் கையொப்பமிட்ட மனுவில் அவர் பெயரும் உண்டு. அந்தக் கதவு திறக்க 1920 ஆயிற்று. அவருடைய ஆய்வில் அவர் பங்கு எவ்வளவு, கணவர் பங்கு எவ்வளவு என்று அளந்து கேட்டவர்கள், பெர்சியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “அவதான்” என்று ஒருவர் சொன்னாலும் உறவினர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்பதை நான் கொல்லையில் பார்த்துவிட்டேன்.

உறவினர் சொன்ன அமெரிக்காவுக்கும் வருகிறேன். அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. 1980களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி மணற்பாத்தியில் தக்காளியும் திலேப்பியாவும் சேர்த்து வளர்த்தார். வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி மிதவைப் பலகையில் கீரை வளர்க்கும் முறையைப் பல்லாண்டு உழைத்துச் செம்மையாக்கினார். இணையத்தில் எந்த வரலாற்றைத் திறந்தாலும் இந்த இருவர் பெயர் வரும். அவர்களுக்கு முன், 1969இல், புதிய ரசவாதம் என்று பொருள்படும் பெயரில், ‘நியூ ஆல்கெமி இன்ஸ்டிட்யூட்’, ஒரு நிறுவனம் தோன்றியது. தொடங்கியவர்கள் மூவர்: ஜான் டாட், வில்லியம் மெக்லார்னி, நான்சி ஜாக் டாட். எண்ணெயையும் பூச்சிமருந்தையும் நம்பாமல் ஒரு குடும்பம் தன் உணவை எப்படி விளைவிப்பது என்பது அவர்கள் கேள்வி. ஒளி ஊடுருவும் உருளைத் தொட்டிகளில் மீன் வளர்த்தார்கள், மீன் குட்டைத் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அங்கே தோட்டத்தை நடத்திப் பரிசோதனைகள் செய்தவர்களில் முக்கியமானவர் ஹில்டே மெய்ங்கே. எல்லாவற்றையும் எழுதி, தொகுத்து, இதழாகக் கொண்டுவந்தவர் நான்சி. அவர் தொகுக்காமல் போயிருந்தால் அந்த ஆண்களின் பரிசோதனைகளும் நமக்குத் தெரிந்திருக்காது. நிறுவனத்தைப் பற்றிய பேச்சில் ஜானின் பெயர் முதலில் வரும், நான்சி ‘மனைவியும்’ என்ற உம்மையில் வருவார். இலக்கணத்தில் இதை எண்ணும்மை என்போம். இங்கே அது எண்ணாத உம்மை.

வேறொரு இடத்தையும் சொல்ல வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு காசாவில், பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஏழைக் குடும்பங்களுக்கு மீன் தொட்டிகளைக் கொடுத்தது. நிலமில்லை, மொட்டைமாடி உண்டு. முற்றுகையிலிருக்கும் ஊரில் மாடியில் மீனும் கீரையும். அந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் 2014இல் அந்த அமைப்பு வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு வந்தது. நான் அதை வைத்துத்தான் என் பாத்திகளைக் கணக்கிட்டேன். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், தக்காளிபோல் காய்ப்பவற்றுக்கு 50 முதல் 80 கிராம். எத்தனை மீன் என்று தொடங்காமல் எவ்வளவு தீவனம் என்று தொடங்கச் சொல்கிற கணக்கு அது. சமையல் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். இத்தனை பேருக்கு இத்தனை ஆழாக்கு அரிசி என்பதுபோல.

கணக்கு சரியாக இருந்தும் முதல் முறை தோற்றேன். பாக்டீரியா குடியேறக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இரண்டாம் வாரமே 60 ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். ஜிலேபி எதையும் தாங்கும் என்று பெயர். 1952இல் மண்டபத்தில் வந்திறங்கி நாட்டிலுள்ள குளமெல்லாம் பரவிய மீனல்லவா. அது அமோனியாவைக்கூடத் தாங்கியது. தாங்காதது மின்வெட்டை. ஒரு சித்திரை மாத இரவில் மூன்று மணி நேரம் மின்சாரம் போயிற்று. காலையில் தொட்டி முழுக்க வெள்ளை வயிறு. கஜா புயலின்போது இந்தத் தொட்டி இல்லை. 2018 நவம்பர் 16க்குப் பின் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அப்போது குடிதண்ணீருக்கே ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வரிசையில் குடத்தோடு நின்றோம். மின்சாரத்தை நம்பிய கொல்லை எவ்வளவு நொய்மையானது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

செத்த மீன்களை முருங்கைக்கு அடியில் புதைத்தபோது அப்பத்தாவின் தவலை நினைவுக்கு வந்தது. உயிரோடு வாங்கிய விராலைத் தவலைத் தண்ணீரில் விட்டு, வாயைத் துணியால் வேடுகட்டி, நாலைந்து நாள் வைத்திருப்பார். மகள் வீட்டுக்கு வரும் நாள் பார்த்து ஆக்குவதற்கு. விரால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கும், தண்ணீரில் காற்று குறைந்தாலும் சாகாது. துள்ளி வெளியே விழும், அதனால்தான் வேடு. இரண்டாம் முறை விரால் குஞ்சு விட்டேன், மேலே வலை கட்டினேன். ஒன்றையொன்று தின்னும் என்பதால் பெரிதையும் சிறிதையும் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மின்சாரம் போன இரவுகளில் நான் தூங்கினேன். மீன்வளக் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள்தான். நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நான் தெரிந்த அறிவாக எண்ணாமல் இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது. ஆண் உறவினரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதில் எனக்குள்ள பயம் வேறு. ‘வீட்டிலிருந்தபடியே வருமானம்’, ‘ஓய்வு நேரத்தில் பெண்கள்’ என்று இந்த முறை இப்போது நம்மிடம் விற்கப்படுகிறது. தீவனம் காலையும் மாலையும். தண்ணீர் சோதனை, இலை மஞ்சளானால் இரும்புச் சத்து, குழாயில் அடைப்பு, பம்பு வலை கழுவுதல். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. ‘சும்மா பார்த்துக்கொண்டால் போதும்’ என்பார்கள். தமிழில் ‘பார்த்துக்கொள்’ என்ற வினைக்குக் கூலி கிடையாது. குழந்தை, மாமியார், அடுப்பிலிருக்கும் பால், இப்போது மீன். 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள், வேலை செய்யும் ஆண் 97 நிமிடம். இந்த 299இல் எங்கே ஓய்வு நேரம் ஒளிந்திருக்கிறது? ஆந்திராவின் நரசாபூரில் உலகச் சந்தைக்கு லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதியதை மாணவிகளோடு வாசிப்பதுண்டு. நாள் முழுதும் பின்னினாலும் அவர்கள் ‘வீட்டில் சும்மா இருக்கும்’ பெண்களாகவே கணக்கில் வந்தார்கள். அதனாலேயே கூலி குறைந்தது, ஏற்றுமதியாளன் கொழுத்தான்.

உடைமை இன்னொன்று. 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் மற்றவர்க்கு 40 விழுக்காடு மானியம் என்றால் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. நல்லதுதான். ஆனால் அந்த 20 விழுக்காட்டுக்காகவே மனைவி பெயரில் விண்ணப்பம் எழுதும் வீடுகள் உருவாகும். பெயர் அவளுடையது, கணக்குப் புத்தகம் அவனுடையது. தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது, நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. எங்கள் தெருவில் எத்தனை கொல்லைகள் பெண் பெயரில் இருக்கின்றன என்று விரல்விட்டுப் பார்த்தேன். ஒரு கையில் விரல் மிச்சம் இருந்தது. என் கொல்லையும் என் பெயரில் இல்லை.

சென்ற தை கடைசியில், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் பிள்ளை பெற்று வந்திருந்த மகளுக்காக இரண்டு விரால் வாங்கிப் போனார். காசு வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பை நிறையப் பயறு கொண்டுவந்து வைத்தார். குத்தகை வயலில் நெல் அறுத்த தாளில் தெளித்ததாம். நான் வாங்கியதைவிடக் கொடுத்தது குறைவு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சரக்கா, இத எங்க வீட்ல வைக்கலாமா? எவ்ளோ இடம் வேணும்?” என்றார்.

மறுநாள் டேப்போடு போனேன். காலனியில் மூன்று சென்ட் வீடு. குளியலறைக்கும் சுவருக்கும் நடுவில் எட்டடிக்கு நாலடி கிடந்தது. சிறிய தொட்டியும் ஒரு பாத்தியும் தாராளமாக வைக்கலாம். விரால் போதும், இரவில் பம்பு ஓடத் தேவையிருக்காது என்றேன். பட்டா மாமனார் பெயரில், அவர் இறந்து பல வருடம். மீட்டர் கொழுந்தன் பெயரில். பம்புக்கு மாதம் என்ன செலவாகும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். கொழுந்தனிடம் கேட்டுக்கொண்டு எடுப்பதா, பாதிக் கட்டணம் தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிடுவதா, தன் பெயரில் தனி இணைப்புக்கு எழுதிக்கொடுப்பதா என்று இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டிருக்கிறோம்.